உண்மையான ரயில் மாதிரி: எந்த இஞ்சின், எந்தப் பெட்டி?

நத்தார் வருது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த மாதம் எப்படியும் "அப்பா, ட்ரெயின் செட்" என்ற பேச்சு வரும். வாங்கிக் கொடுப்பது சுகம். ஒரு இஞ்சின், இரண்டு மூன்று பெட்டிகள், வட்டமாகப் போடத் தண்டவாளம், ஒரு கொன்ட்ரோலர், எல்லாம் ஒரே பெட்டியில் வரும். பிறகு பிறந்தநாளுக்குப் பெரியப்பா ஒரு இஞ்சின் கொண்டு வருவார், மாமி இன்னொன்று. அடுத்த வருடம் பார்த்தால் 1923இல் கட்டின ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மனும், 1976இல் ஓடத் தொடங்கின இன்டர்சிட்டி 125உம், இன்றைக்கு ஓடுகிற எலிசபெத் லைனும் ஒரே வட்டத்தில் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கும்.

ஐந்து வயதில் அதுதான் சந்தோசம், விட்டுவிடுங்கோ. ஆனால் ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளைக்கே ஏதோ உறுத்தத் தொடங்கும். "ஏன் அப்பா இது உண்மையான ட்ரெயின் மாதிரி இல்லை?" என் மகன் இதைக் கேட்டபோது அவனுக்கு ஒன்பது வயது. கடையில் கேட்டால் இன்னும் விலை கூடின, இன்னும் நுணுக்கமான இஞ்சினைக் காட்டுவார்கள். புது இஞ்சின் ஒன்று 100 பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும், பெரியது 200க்கு மேல் போகும். அந்தக் காசைக் கொடுப்பதற்கு முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கோ.

உண்மைத்தன்மை ஒரு இஞ்சினுக்குள் இருக்கிற விசயம் இல்லை. பக்கத்தில் எது நிற்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. எந்த ஊர், எந்த ஐந்து வருடம் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். அதற்குப் பிறகு இஞ்சினை நீங்கள் தெரிவு செய்யத் தேவையில்லை. ஊரும் காலமும் தெரிவு செய்து தரும். நான் மென்பொருள் வேலை செய்கிறவன். எனக்கு இது முதலில் தேவைகளை எழுதிவிட்டுப் பிறகு புரோகிராம் எழுதுகிற மாதிரித்தான்.

நான் இங்கிலாந்தில் இருப்பதால் இங்கிலாந்து ரயிலையே உதாரணமாக எடுக்கிறேன். இங்கே கடைகளில் அதிகம் கிடைப்பது ஓஓ அளவு, 76இல் ஒன்று. கனடா, ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியாவில் இருக்கிற ஆட்களுக்கு எச்ஓ, 87இல் ஒன்று. இரண்டும் ஒரே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடும் என்பதால், கனடாவில் இருக்கிற சித்தப்பா அனுப்பின பெட்டியை இங்கத்தை இஞ்சினோடு கொழுவலாம்போல இருக்கும். கொழுவினால் அந்தப் பெட்டி தம்பிப் பெட்டி மாதிரிச் சிறுத்து நிற்கும். அன்பளிப்புச் சொல்லிவிடும்போது "ட்ரெயின்" என்று மட்டும் சொல்லாமல் இந்த எழுத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கோ.

அடுத்தது இடம். பிள்ளைகள் தினமும் பார்க்கிற ரயிலைக் கேட்பார்கள், அது நியாயம். எலிசபெத் லைன் ரயில் ஒன்று ஏறக்குறைய 205 மீற்றர் நீளம். 76ஆல் பிரித்தால் 2.7 மீற்றர். ரயில் மட்டுமே வரவேற்பறைச் சுவர் நீளம், நிலையத்துக்கு இடம் எங்கே? மூன்று பெட்டியாக வெட்டி ஓட விடலாம், ஆனால் தினமும் அதில் போகிற பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். 1950களின் மார்க் 1 பயணிகள் பெட்டியே ஒவ்வொன்றும் 26 சென்ரிமீற்றர் வரும். வளைவு அதைவிட மோசம். செட்டில் வரும் இரண்டாம் அளவு வளைவின் ஆரை 438 மில்லிமீற்றர், உண்மை அளவில் 33 மீற்றர்தான். எந்த எக்ஸ்பிரஸ் ரயிலும் அப்படி ஒரு வளைவில் திரும்பியதே இல்லை. நீளப் பெட்டிகள் அதில் போகும்போது மூலைகள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கின இஞ்சினும் அங்கே பொம்மையாகிவிடும்.

அதனால் சின்ன வீட்டுக்கு என் தெரிவு: மேற்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்ச் சரக்கு முற்றம், 1957 முதல் 1962 வரை. ஏன் இது? அங்கே உண்மையிலேயே எல்லாமே சின்னது. இஞ்சின் சின்னது, பெட்டி சின்னது, ரயில் சின்னது, வளைவும் இறுக்கம். வேகமும் இல்லை.

இஞ்சின் 57 வரிசைப் பானியர் டாங்க். கொதிகலனின் இரண்டு பக்கமும் கழுதைக்குப் பொதி கட்டின மாதிரித் தண்ணீர்த் தாங்கி தொங்கும். தோமஸ் கதைகளில் வரும் டக் இந்த வகைதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். 1929 முதல் 1950 வரை 863 கட்டினார்கள், ஆகவே எந்தச் சின்ன ஊரில் நிறுத்தினாலும் யாரும் "இது இங்கே வராதே" என்று சொல்லமுடியாது. ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதை ஒரு கிராமத்து முற்றத்தில் நிறுத்தினால் அதற்கு ஒரு கதை சொல்லவேண்டும். பானியர் டாங்குக்குக் கதை தேவையில்லை. லண்டன் பிள்ளைகளுக்கு இன்னொரு ருசியான செய்தி: இவற்றில் சிலவற்றை லண்டன் ட்ரான்ஸ்போர்ட் வாங்கி, சிவப்பு நிறம் பூசி, பாதை வேலை ரயில்களுக்கு 1971 வரை வைத்திருந்தது. மற்ற இடங்களில் நீராவி முடிந்து மூன்று வருடம் கழிந்தபிறகும் லண்டனில் அது புகைத்துக்கொண்டிருந்தது.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கோ, அதுதான் வருடத்தைச் சொல்லும். பச்சையில் கிரேட் வெஸ்டர்ன் என்று எழுதியிருந்தால் 1948க்கு முந்தியது. அந்த வருடம் ஜனவரி 1இல்தான் ரயில்வே அரசுடைமையானது. பிறகு இந்த இஞ்சின்கள் கறுப்புக்கு மாறின. கறுப்பிலும் சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கிற சின்னம் முந்தியது. கிரீடத்திலிருந்து சிங்கம் எழும்பிச் சக்கரத்தைப் பிடித்திருக்கிற சின்னம் 1956இல் வந்தது. ஒரே இஞ்சின், ஒரே அச்சு, மூன்று காலம். எங்கள் முற்றத்துக்கு மூன்றாவது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விலை குறைவு என்று நான்கு சக்கரக் குட்டி இஞ்சின் ஒன்றைக் காட்டுவார்கள். அழகாக இருக்கும், ஆனால் பாதை பிரிகிற இடத்தில் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும், பிள்ளை விரலால் தள்ளவேண்டிவரும். ஆறு சக்கரமும் மின்சாரம் எடுக்கிற இஞ்சின் தவழ்ந்து போகும். கடையில் வேகமாக ஓட்டிக் காட்டினால் நம்பவேண்டாம், ஆக மெதுவாக ஓட்டச் சொல்லுங்கோ. கணக்கு இதுதான்: மணிக்கு 30 மைல் என்றால் எங்கள் பலகையில் செக்கனுக்கு 18 சென்ரிமீற்றர். முற்றத்துக்குள் 5 மைல் என்றால் செக்கனுக்கு வெறும் 3 சென்ரிமீற்றர். பிள்ளைகள் கொன்ட்ரோலரைத் திருப்புகிற திருப்பில் ஒரு செக்கனுக்கு ஒரு மீற்றர் பறக்கும். அது மணிக்கு 270 கிலோமீற்றருக்கு மேல், ஜப்பான் புல்லட் ரயில் வேகம்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். ஆட்கள் எல்லாக் காசையும் இஞ்சினில் போட்டுவிட்டு, பெட்டியைக் கையில் அகப்பட்டபடி வாங்குவார்கள். எனக்கு இது விளங்குவதேயில்லை. பார்க்கிற கண்ணுக்கு ரயில் என்றால் முக்கால்வாசி பெட்டிதானே.

கடைகளில் கண்ணைப் பறிக்கிறவை சிவப்பு, மஞ்சள், நீலத்தில் நிலக்கரி வியாபாரிகளின் பெயர் பெரிய எழுத்தில் போட்ட மரப் பெட்டிகள். அவை உண்மைதான், ஆனால் 1930களின் உண்மை. யுத்தம் தொடங்க அவை பொதுப் பாவனைக்குப் போயின, 1948க்குப் பிறகு அரசுச் சொத்து. எங்கள் காலத்துக்கு வேண்டியது 16 தொன் நிலக்கரி ஏற்றுகிற சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அழகில்லை, துருப்பிடித்தது, லட்சக்கணக்கில் இருந்தது. அதனால்தான் அது உண்மையாகத் தெரியும். நிறத்திலும் ஒரு சட்டம் உண்டு: இஞ்சினிலிருந்து பிரேக் போடமுடியாத பெட்டி சாம்பல், வக்கூம் பிரேக் உள்ள பெட்டி செங்கபில நிறம். இதைத் தெரிந்த பிள்ளை தூரத்திலிருந்தே ஒரு சரக்கு ரயிலை வாசிக்கும்.

எட்டுப் பெட்டி போதும். ஐந்து நிலக்கரிப் பெட்டி, ஒரு மூடின வான், பலகைச் சுவர் வைத்த ஒரு திறந்த பெட்டி, கால்நடை ஏற்றுகிற வான் ஒன்று. ஐந்து நிலக்கரிப் பெட்டிக்கும் ஐந்து வேறு இலக்கம் இருக்கவேண்டும். ஒரே இலக்கத்தில் ஐந்து நின்றால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். ஒன்பது வயது பார்க்கும். அழுக்காக்குவதையும் ஒரே மாதிரிச் செய்யவேண்டாம். ஒன்று நன்றாகத் துருப்பிடித்து, இரண்டு நடுத்தரம், ஒன்று போன மாதம் பெயின்ட் அடித்த மாதிரி. நிலக்கரிச் சுமையைக் கழற்றக்கூடியதாக வைத்தால் நிறைந்து வந்த பெட்டி வெறுமையாகத் திரும்பும். சுரங்கத்துக்கு நிலக்கரி கொண்டுபோகிற ரயிலைப் போல வேடிக்கை வேறில்லை.

எட்டு ஏன் என்றால் அதற்கொரு விளையாட்டு இருக்கிறது. அலன் ரைட் என்பவர் அமைத்த இங்கில்நுக் சைடிங்ஸ். மூன்று கிளைப் பாதை, ஒன்றில் ஐந்து பெட்டி, மற்ற இரண்டிலும் மும்மூன்று பெட்டி நிற்க இடம். எட்டுப் பெட்டிக்கும் எட்டு அட்டை. கலைத்து ஐந்து அட்டை எடுங்கோ, அந்த ஒழுங்கிலேயே ஐந்து பெட்டி ரயிலைக் கட்டவேண்டும். எட்டிலிருந்து ஐந்தை ஒழுங்கோடு எடுப்பது 6,720 விதம், ஆகவே இலகுவில் சலிக்காது. ஒன்றரை மீற்றர்ப் பலகை ஒன்று போதும், விளையாடி முடிய அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடலாம். வட்டம் பத்து நிமிடத்தில் சலித்த வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்பப்பாக்கள் இருக்கிற வீட்டில் இன்னொரு கேள்வி வரும். எங்கள் வீட்டில் வந்தது: "உதெல்லாம் வெள்ளைக்காரன்ர கோச்சி. எங்கட யாழ்தேவி இல்லையோ?" மகன் உடனே அதுதான் வேண்டும் என்று நின்றான். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கினது, 1990இல் நின்றது, யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது 2014 ஒக்ரோபரில். இஞ்சின்களில் எம்2 வகை கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்தது. ஒன்ராறியோ மாநிலத்தின் லண்டன் நகரில் கட்டினவை, பலவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பாதையில் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று பெயர் எழுதின இஞ்சின்கள் ஓடியிருக்கின்றன. பிறகு எத்தனை பேர் அந்த ஒன்ராறியோவுக்கே போய்ச் சேர்ந்தோம்!

ஆனால் பெட்டியைத் திறந்து ஓட விடுகிற மாதிரி ஒன்றை நான் இங்கத்தைக் கடைகளில் காணவில்லை. பாதை அகலமும் இடிக்கிறது. இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர், 76இல் ஒன்றாக்கினால் 22 மில்லிமீற்றர். கடைத் தண்டவாளம் 16.5. வேறு நாட்டு டீசல் இஞ்சின் ஒன்றுக்கு நிறம் பூசி "யாழ்தேவி" என்று எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அதில் நாற்பது தடவை போய்வந்த மனிசருக்கு அதைக் காட்டமுடியாது. ஓடாத மாதிரி ஒன்றை அட்டையில் வெட்டி, தட்டில் வைப்பதாக முடிவானது.

அங்கேதான் வேலை தொடங்கியது. எந்த வருடத்து யாழ்தேவி? எத்தனை பெட்டி? மூன்றாம் வகுப்பு முன்னுக்கோ பின்னுக்கோ? சாப்பாட்டுப் பெட்டி எங்கே? இஞ்சின் என்ன நிறம்? மகன் கொப்பியோடு போய் அப்பப்பாவிடம் கேட்டான், இலகுவில் தமிழில் வாய் திறக்காதவன். அப்பப்பா ஒரு நிறம் சொல்ல, அப்பம்மா "உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் ஏறினவுடன நித்திரை" என்று வேறு நிறம் சொன்னார். இரண்டு பேரும் போன வருடங்கள் வேறு என்பது அரை மணித்தியாலம் கழித்துத்தான் விளங்கியது. ஒருவர் 1964 சொல்கிறார், மற்றவர் 1979. இப்போது இரண்டு வருடமும் கொப்பியில் தனித்தனிப் பக்கத்தில் இருக்கின்றன. அட்டை இன்னும் வெட்டப்படவில்லை.

கடைசியாக, பட்டியலில் எல்லோரும் விட்டுவிடுகிற இரண்டு சாமான். ஒன்று பிரேக் வான். சாம்பல் பெட்டிகளுக்கு இஞ்சினிலிருந்து பிரேக் இல்லை என்றேனே, அதனால் பிரதான பாதையில் போகும்போது வாலில் கார்ட் இருந்து கையால் பிரேக் போடுகிற ஒரு வான் கட்டாயம். மேற்குப் பக்கத்து வகைக்கு டோட் என்று பெயர், ஒரு பக்கம் திறந்த விறாந்தை இருக்கும். மற்றது அதற்கும் பின்னால் தொங்குகிற சின்னச் சிவப்பு விளக்கு. ரயில் கடந்து போகையில் சிக்னல் பெட்டியில் இருப்பவர் அந்த விளக்கைத்தான் தேடுவார். விளக்கு இல்லையென்றால் நடுவழியில் ரயில் அறுந்து பாதிப் பெட்டிகள் பின்னால் நிற்கலாம், ஆகவே அடுத்த ரயிலை விடமாட்டார். மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், நெல்மணி அளவு. ஒட்டிவிடாமல் கழற்றக்கூடியதாக வையுங்கோ. ரயில் திசை மாறும்போதெல்லாம் அதை மற்றப் பக்கத்துக்கு மாற்றவேண்டும், எங்கள் வீட்டில் அந்த வேலை நான்கு வயதுத் தங்கச்சிக்கு.