வாசல் காவல்காரன்

இண்டூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “கரண்ட் பில், பாங்குக் கணக்கு, பையனின் பரீட்சை முடிவு எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் பிரவுசரைத்தான் திறக்கிறோம். பாதுகாப்புக்கென்று பையன் அதில் ஆறு எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்திருக்கிறான். நல்லதுதானே?”

நல்லதும் உண்டு சகோதரி, ஆபத்தும் உண்டு.

தருமபுரிக்கோ பென்னாகரத்துக்கோ பஸ் ஏறிப் போய் முடித்த காரியங்கள் பலவும் இன்று பிரவுசர் வழியே நடக்கின்றன. அதுவே வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் என்பது அந்த வாசலில் நீங்கள் அமர்த்தும் காவல்காரன். விளம்பரத் தொல்லையை விரட்டுவான். மோசடிப் பக்கம் என்றால் எச்சரிப்பான். ஆனால் காவல் காக்க வேண்டுமானால், வருவதையும் போவதையும் அவன் பார்த்தாக வேண்டுமே! ‘எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்பான். சம்மதித்துவிட்டால், நீங்கள் தட்டும் பாங்கு ரகசியச் சொல்லைக்கூட அவனால் படிக்க முடியும்.

காவல்காரனே எஜமானை மாற்றிக்கொண்டால்? ‘கிரேட் சஸ்பெண்டர்’ என்ற எக்ஸ்டென்ஷனைச் சுமார் 20 லட்சம் பேர் நம்பி வைத்திருந்தார்கள். 2020-ல் அது வேறு கைக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், அதில் விஷமம் கலந்திருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. ‘வெப் ஆப் டிரஸ்ட்’ கதையோ இன்னும் விசித்திரம். எந்தத் தளத்தை நம்பலாம் என்று சொல்ல வந்ததே அதுதான்! பயனர்கள் பார்த்த பக்கங்களின் விவரம் அதன் மூலம் விலைபோனதை 2016-ல் ஜெர்மன் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். நம் நாட்டிலும், 2020-ல் கூகுள் நூற்றுக்கு மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்களை நீக்கியபோது, மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு ஜனங்களை உஷார்ப்படுத்தியது.

ஆகவே, பையனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு அந்த ஆறையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்கென்று அவனால் சொல்ல முடியாததை உடனே நீக்கச் சொல்லுங்கள். மோசடிப் பக்கங்களை எச்சரிக்கும் வேலையை இப்போது பிரவுசரே செய்கிறது. அதற்குத் தனி ஆள் வேண்டாம். விளம்பரத் தடுப்புக்கு, பலகாலம் பெயர் எடுத்த ஒன்று போதும். இருப்பது திடீரென்று புதிய அனுமதி கேட்டால், ‘சரி’ என்று அழுத்தாதீர்கள். பிரவுசர் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி வைக்காதீர்கள்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா? அழுதுகொண்டிராமல் உடனே பாங்குக்குச் சொல்லிவிட்டு, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்குத்தான் லாபம்.