2 ஏக்கரை நம்பி மகன் ஊர் திரும்பலாமா?

‘‘சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், வேலையை விட்டுவிட்டு குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறான். கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் இருக்கிறது. தென்னை, காய்கறி, 2 மாடு என்று திட்டம் சொல்கிறான். வரச் சொல்லலாமா?’’

- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

வரச் சொல்லலாம். ஆனால், வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். லீவு போட்டுவிட்டு சித்திரையில் வரட்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர்கள் பார்ப்பது, மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கும் கிணற்றைத்தான். கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் தண்ணீர் வற்றுகிறது, மறுபடியும் ஊற எவ்வளவு நேரமாகிறது என்று மகனே ஒரு வாரம் குறித்துப் பார்க்கட்டும். 1 ஏக்கரில் 1 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டவே சுமார் 1 லட்சம் லிட்டர் வேண்டும். கிணறு அதைத் தருமா என்று தெரிந்தால், எத்தனை சென்ட்டில் காய்கறி வைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். சிறு, குறு விவசாயி என்ற சான்று இருந்தால், சொட்டுநீருக்கு அரசின் 100 சதவிகித மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

நெட்டை ரகத் தென்னையை 25 அடி இடைவெளியில் நட்டால், ஏக்கருக்கு 70 கன்றுகள் பிடிக்கும். காய்ப்புக்கு வர 6, 7 வருஷங்கள் ஆகும். அதுவரை ஊடுபயிரும் மாடும்தான் வீட்டுச் செலவைத் தாங்க வேண்டும். வீட்டுக் கடன் தவணை ஏதும் இருந்தால், இந்த வருமானத்தை நம்பக் கூடாது.

தக்காளி விலை போகிற போக்கை ஒட்டன்சத்திரத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்ட வருஷங்கள் உண்டு. பிள்ளை படிக்கிற காலத்தில், பெரும்பாலான வீடுகளில் இதையெல்லாம் சொல்வதில்லை. பழைய கடன் சீட்டு, நகை அடகு ரசீது இருந்தால் எடுத்து மகன் முன்னால் வைத்துவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் காட்டில் பார்த்த வேலைக்குக் கூலி போட்டால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடியலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கறந்தே ஆக வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட ஆள் மாற்றி ஆள்தான் போக முடியும்.

கேள்வியில் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சாணி அள்ளுவது, தீவனம் வைப்பது, ஆள் வராத நாளில் களையெடுப்பது எல்லாம் கடைசியில் அவர் தலையில்தான் வந்து விழும். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். சித்திரையில் மகன் வரும்போது அவரும் கூடவே வரட்டும். முடிவைச் சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.