மேல் சபையும் கீழ் சபையும்

இங்கிலீஷ் பார்லிமெண்டில் சபைகள் இரண்டு. ஒன்றுக்குப் பிரபுக்கள் சபை என்றும், மற்றொன்றுக்குப் பொதுமக்கள் சபை என்றும் பெயர். முன்னது மேல் சபையாம். பின்னது கீழ் சபையாம். இந்த மேல் கீழை நிர்ணயித்தவர்கள் யாராயிருக்கக்கூடும் என்பதை வாசகர்களே யூகித்துக் கொள்ளட்டும்.

கீழ் சபையில் 650 பேர். அவர்கள் ஜனங்களின் ஓட்டுப் பெற்று வருகிறவர்கள். ஐந்து வருஷத்திற்குள் மறுபடியும் அதே ஜனங்களிடம் கைகூப்பி நின்றாக வேண்டும். மேல் சபையாருக்கோ இந்தத் தொல்லை கிடையாது. அங்கு ஒருவரைக்கூட ஜனங்கள் தெரிந்தெடுப்பதில்லை. 1958-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஆயுட்காலப் பிரபுக்கள் என்று ஏராளமானவர்கள் நியமனம் பெற்று வந்தார்கள். அதற்கு முன்னெல்லாம் பெரும்பாலும் தகப்பன் நாற்காலி மகனுக்கு என்பதுதான் ஏற்பாடு. வைத்தியர் மகன் என்பதற்காகவே ஒருவன் கையில் கத்தியைக் கொடுத்து, நம் வயிற்றைக் காட்டுவோமா என்று கேட்கின்றோம். வயிற்றுக்கு ஆகாத நியாயம் ராஜ்ய பரிபாலனத்துக்கு மாத்திரம் எப்படி ஆகும்?

இதனால் நேர்ந்த கேட்டுக்கு ஓர் உதாரணம் பாருங்கள். 1909-ல் நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ், வயோதிக ஏழைகளின் பென்ஷனுக்கும் யுத்தக் கப்பல்களுக்கும் பணம் தேடி, பெருஞ் செல்வர் வருமானத்தின் மீதும் நில மதிப்பின் மீதும் வரி போட்டார். கீழ் சபை ஒப்புக்கொண்டது. மேல் சபையோ 350 ஓட்டுக்கு 75 ஓட்டாகத் தள்ளிவிட்டது. ஏன்? அங்கிருந்தவர்களில் அநேகர் பெரும் நிலச்சுவான்தார்கள். தங்கள் மடியில் கை வைப்பதைத் தாங்களே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள்! 1910-ல் இரண்டு தேர்தல்கள் நடந்தன. புதுப் பிரபுக்களைக் கும்பலாகச் சிருஷ்டித்துச் சபையை நிரப்பிவிடுவோம் என்று மிரட்டிய பிறகே, 131-க்கு 114 என்ற ஓட்டில் 1911-ம் வருஷச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் நிறுத்தி வைக்க முடியாது. மற்ற மசோதாக்களில் அநேகமாக எல்லாவற்றையும் இரண்டு வருஷம்வரை தாமதப்படுத்தலாம். 1949-ல் இது ஒரு வருஷமாகக் குறைந்தது.

ஒரு சபை அவசரப்பட்டுச் செய்ததை மற்றொரு சபை நிதானமாய்ப் பார்ப்பது நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். நல்லதுதான், ஆயுட்காலப் பிரபுக்களில் சிலர் மசோதாக்களை வரிவரியாய்ப் படித்துத் திருத்துகிறார்கள் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் படித்தவர் வேண்டுமா, பிறந்தவர் வேண்டுமா என்பதே நமது கேள்வி.

1999-ல் பரம்பரைப் பிரபுக்கள் அறுநூறு பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். ஆயினும் 92 இடங்களை விட்டுவைத்தார்கள். அதில் ஒருவர் இடம் காலியானால் பரம்பரைப் பிரபுக்களுக்குள்ளேயே ஓர் உபதேர்தல் நடத்தி வந்தார்கள்! 2016-ல் அப்படி நடந்த ஒன்றில் அபேட்சகர்கள் 7 பேர். ஓட்டர்கள் 3 பேர். நம் ஊர்ப் பிள்ளைகள் திண்ணையில் விளையாடும் தேர்தலுக்குக்கூட இதைவிடக் கூட்டம் சேரும். இந்த மிச்சத்தையும் நீக்க மசோதா வந்தது 2024-ல்தான்.

நிற்க, அந்த மசோதா தொடாத நாற்காலிகளும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் அத்தியட்சர்கள் 26 பேர், அந்தப் பதவி காரணமாகவே மேல் சபையில் வீற்றிருக்கிறார்கள். ஸ்காத்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் அத் திருச்சபைக்கு உட்பட்டவையல்ல. ஆனாலும் அந்நாட்டாருக்குச் சட்டம் செய்யும்போதும் இந்தப் பாதிரிமார்களின் ஓட்டு எண்ணப்படுகிறது.