குடியிருப்பவனும் வீடும்

உப்பளத்துக்கும் உப்பங்கழிக்கும் பேர்போன கேளம்பாக்கத்தில் இப்பொழுது அடுக்குமாடி வீடுகள் நெருக்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் புதுமனை புகுந்த நண்பர் ஒருவர், விருந்துண்டு எழுந்த என்னைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துப்போய், நீல விளக்கெரியும் கண்ணாடித் தொட்டியொன்றைப் பெருமிதத்தோடு காட்டினார். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை தரித்த இரண்டு கோமாளி மீன்கள் அதில் விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே, வெளுத்துச் சுருங்கி, ஒரு கடல் சாமந்தி கிடந்தது. மீன்களின் பிரதாபத்தை அரைமணி நேரம் வர்ணித்த நண்பர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் எழுத வந்ததோ அதைப்பற்றித்தான்.

2003இல் வெளியான ஒரு சித்திரப் படத்தின் புண்ணியத்தால் நம் குழந்தைகள் ‘நெமோ’ என்றழைக்கும் இந்த மீன் அந்தமானிலும் அதற்குக் கிழக்கேயுள்ள கடல்களிலும் வாழ்வது. கறுத்த மேனியும் மஞ்சள் வாலுமாக நமது மன்னார் வளைகுடாவில் திரிவது அதன் தாயாதி. எந்த இனமாயினும் அதன் ஜீவிதம் கடல் சாமந்தியோடு பிணைந்தது. பூவைப்போல் விரிந்திருந்தாலும் சாமந்தி ஒரு பிராணியே. அதன் விரல் போன்ற இழைகளில் உள்ள நச்சு ஊசிகள் பிற சிறு மீன்களைக் கொன்றுவிட, மேனியில் பூசிய வழவழப்பையே கவசமாகக் கொண்ட கோமாளி மீன் மட்டும் அவற்றினிடையே நிர்ப்பயமாக உறங்கி, அதன் அடிவாரத்துப் பாறையில் முட்டையும் இடுகிறது. பிரதியாக, சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது. அதன் கழிவோ சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு உரமாகிறது. அப்பாசி சூரிய ஒளியில் சமைக்கும் உணவில் சாமந்திக்கும் பங்கு உண்டு. குடியிருப்பவன் வாடகை பாக்கி வைப்பதில்லை.

சாமந்தி வர்க்கத்தின் ஆயுளை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். ஸ்காட்லாந்தில் ஸர் ஜான் டேலியல் என்பவர் 1828ஆம் ஆண்டில் கடற்கரையில் எடுத்து ஜாடியில் வளர்த்த ஒரு சாமந்தி, அவர் காலமான பின்னும் கைமாறிக் கைமாறி வாழ்ந்து, ‘பாட்டி’ என்ற செல்லப்பெயரோடு 1887இல்தான் மறைந்தது. அது குளிர்க்கடல் சாமந்தி, கோமாளி மீனுக்கு இடங்கொடுக்கும் ஜாதியன்று. ஆயினும், தலைமுறை தலைமுறையாக மீன்கள் குடியிருக்கக்கூடிய ஒன்றை நாம் ஒரு கூடத்து மூலைக்காகப் பெயர்த்தெடுத்து, போதிய வெளிச்சமின்றிச் சில மாதங்களில் மடியவிடுகிறோம் என்ற எண்ணம் எனக்கு அன்று விருந்தின் ருசியையே கெடுத்துவிட்டது.

மீனைப் பொறுத்தவரை எனக்கு ஆட்சேபமில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வளர்க்கும் முறையைக் கைவரப்பெற்றுவிட்டன; அப்படிப் பிறந்த மீன் சாமந்தியில்லாமலே கண்ணாடிக்குள் சுகமாக வாழும். சாமந்தி அப்படியன்று. கடைக்கு வருவது பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்ததே. ஆகவே ‘பண்ணை மீன்தான் வாங்கினேன்’ என்று திருப்தியடைந்து, கூடவே சாமந்தியையும் வாங்கிப்போகிறவர், குடியிருப்பவனைக் காப்பாற்றி வீட்டை இடித்தவராகிறார்.

வீட்டை இடித்தால் என்னாகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அங்குள்ள 21 தீவுகளில், பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததன் விளைவாக நீரில் மூழ்கிப்போயின. கற்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சமமாக வீற்றிருக்கின்றன. சாமந்திக்கும் கொஞ்சம் காவல் வேண்டாமா? கடையில் ஒவ்வொரு தொட்டியின்மீதும், உள்ளேயிருப்பது பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா என்று எழுதி ஒட்டும்படி வியாபாரிகளைக் கட்டாயப்படுத்துவதில் அரசாங்கத்துக்கு என்ன சிரமம் என்பது எனக்கு விளங்கவில்லை. புடவைக்கடையில் பட்டு அசலா என்று பத்து முறை கேட்கும் நாம், மீன்கடையில் வாய் திறப்பதில்லை.

இவ்வளவையும் கேட்ட நண்பர், சங்கடத்தோடு, “அப்படியானால் இதைக் கோவளத்துக் கடலில் விட்டுவிடலாமா, சார்?” என்றார். கூடாது என்றேன், எந்தக் கடலிலிருந்து வந்ததோ, தொட்டியில் என்ன நோயைப் பற்றிக்கொண்டதோ, யார் கண்டது? விளக்கை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு விடைபெற்றேன்.