தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

எந்த ஊரார் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் ‘பாடு’ எனும் முறையால் தாமே வகுத்துக்கொண்ட மக்கள் பழவேற்காட்டு மீனவர். அம்முறையில் ஆலை முதலாளிக்கு இடமில்லை. ஆனால், ஏரிநீரில் தனக்கோர் இடத்தை அவன் கேளாமலே எடுத்துக்கொண்டான்! மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை; தெற்கே எண்ணூர். அனல்மின் நிலையத்தின் சாம்பற் குழம்பு கொசத்தலையாற்றைத் தூர்த்த செய்தி நாடறிந்தது. அந்த எண்ணூர்க் கழிமுகத்தையும் ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கின்றது.

கேட்டால், “தூய்மைப்படுத்தியே விடுகிறோம்” என்பது ஆலையாரின் ஆயத்த விடை. எதைத் தூய்மைப்படுத்தி? சிறுதொழில் என்று எவரும் பொருட்படுத்தாத அச்சுத்தொழிலையே எடுத்துக்கொள்க. மை, மை கழுவும் கரைப்பான், தகடு கழுவிய காரநீர், உருளைக்கு முலாம் பூசுமிடத்துக் குரோமியம்: இக்கழிவு அளவிற் சிறிது, கொடுமையிற் பெரிது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டால் நிறப்பொடி திரண்டு அடியில் தங்கும், நீர் தெளியும். கரைந்த உப்போ தெளிந்த நீரிலேயே நிற்கும். அறுவலுக் குரோமியத்தை முதலில் ஒடுக்காவிடின் சுண்ணாம்புக்கு அது பிடிபடாது. அடியில் தங்கிய நச்சுச் சேற்றைப் பள்ளத்திற் கொட்டினால், அடுத்த மழை அதனை நீர்நிலைக்கே கொண்டுசேர்க்கும். இதற்குப் பெயர் தூய்மையாம்!

சாயமும் துணியச்சும் பெருகிய திருப்பூரைப் பாருங்கள். உழவுக்கென்று 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, நொய்யல் கொணர்ந்த சாயக்கழிவின் தொட்டியாயிற்று. நிறம் நீக்கும் நிலையங்கள் உப்பை நீக்கவில்லை. கழிவை ஒரு சொட்டும் வெளிவிடாத நிலை எய்தாத சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நயன்மன்றம் ஆணையிடும் அளவுக்கு அது முற்றியது. சவ்வினால் வடித்து, எஞ்சியதை ஆவியாக்கி, நீரை ஆலைக்கே திருப்பும் முறை இன்று அங்கே நடைமுறையில் உள்ளது. வழியில்லை என்பது பொய். செலவிட மனமில்லை என்பதே மெய்.

மொழியும் இங்கே தடையாக நிறுத்தப்படுகின்றது. சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 2020இல் நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணை மொழிகளிற் பெயர்க்குமாறு தில்லி உயர்நயன்மன்றம் கூறவேண்டியதாயிற்று. தன் ஏரியில் எது கலக்கும் என்பதைத் தன் மொழியிற் படிக்கவும் மீனவன் வழக்காட வேண்டுமா?

தனித்தமிழ் அன்பரும் ஒன்று எண்ணுக. சொல்லிற் கலப்பைப் பொறாதவர்தம் இதழ்களும் மையால்தானே அச்சாகின்றன? அம்மையைக் கழுவிய நீர் எங்கே விழுகின்றது என்று தம் அச்சகத்தாரை வினவியவர் எத்தனை பேர்? முதலில் அங்கே கேட்கட்டும். பின்னர் ஒவ்வோர் ஆலை வாயிலிலும் கேட்கட்டும்: வெளியேறும் கழிவின் அளவும் அதிலுள்ள உப்பும் குரோமியமும் நாள்தோறும் தமிழில் எழுதி வைக்கப்படல் வேண்டும், பழவேற்காட்டு ஊரார் தாமே நீர் முகந்து ஆய்வுக்கு அனுப்பும் உரிமை வேண்டும்.