கணினி வரைந்த கோடு சான்றாகுமா?

கணினி மென்பொருள் வரைந்த இலத்திரன் சத்தியிழப்பு நிறமாலை அளவீட்டோடு பொருந்திவிட்டால், கணிப்பு முழுவதும் மெய்யென நிறுவப்பட்டதாகச் சிலர் கொள்கின்றனர். இக்கொள்கை தவறானது என்பதற்குச் சிலிக்கன் ஒன்றே போதும்.

மெல்லிய சிலிக்கன் படலத்தினூடாகச் செல்லும் இலத்திரன்களின் சத்தியிழப்பில், ஏறத்தாழ 17 இலத்திரன்வோல்ற்றில் ஓர் உச்சி தோன்றுகின்றது. வலுவளவு இலத்திரன்கள் கூட்டாக அதிர்வதன் விளைவே அது. கோன், ஷாம் ஆகியோர் 1965இல் வகுத்த சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள்கள் இவ்வுச்சியைச் செவ்வனே காட்டுகின்றன. எனினும், அணுவொன்றுக்கு நான்கு இலத்திரன்கள் எனக் கொண்டு, கட்டற்ற இலத்திரன்களுக்குரிய எளிய சூத்திரத்தைப் பயன்படுத்தின், தாளும் பென்சிலுமே 16.6 என்ற விடையைத் தந்துவிடும். அதே மென்பொருள்களோ, எளிய அண்ணளவாக்கத்தில், சிலிக்கனின் சத்தி இடைவெளியை 1.1க்குப் பதிலாக ஏறத்தாழ 0.5 என்கின்றன. உச்சி பொருந்தியமை இடைவெளிக்குச் சான்றாகுமா?

இக்குறையை ஈடுசெய்ய, வெற்றுப் பட்டைகளை மேலே நகர்த்துவதும், உச்சியின் அகலத்தைப் பரிசோதனைக்கேற்பக் கூட்டுவதும் உண்டு. அவற்றை வெளிப்படையாகச் செய்வதில் தவறில்லை. ஆனால், அளவீட்டைப் பார்த்துத் திருத்திய கோட்டை அவ்வளவீட்டின் முன்னே சாட்சியாக நிறுத்தலாகாது. சிதைந்த எழுத்துகளைத் தாமே நிரப்பிவிட்டு, அவற்றையே ஆதாரமாகக் காட்டும் கல்வெட்டாய்வாளரை எவரும் ஏற்பதில்லை.

கணிப்புக் கோடு ஒவ்வொன்றும், தான் அளவீட்டிலிருந்து கடன்பெற்றது எது, தானாகக் கூறியது எது என்பதைச் சொல்லுதல் வேண்டும். அதுவரை அதனைச் சான்றென ஏற்பதற்கில்லை.