எந்திர அறிவு எத்தனை வகை?

ஒரு வெள்ளிக் கொலுசு உருவாக எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகிடுபவர் வேறொருவர். ஒரு வேலையில் கைதேர்ந்தவர் மற்றொன்றில் கைவிரிப்பதும் உண்டு. இன்று வீட்டுக்கு வீடு பேசப்படும் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதும் இத்தகைய பட்டறைதான். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய அறிஞர்களால் நிலைபெற்ற அந்த ஒரே பெயருக்குள் பலவகை எந்திரங்கள் அடங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றெனக் கருதுவதாலேயே அளவுக்கு மீறிய அச்சமும் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் பிறக்கின்றன.

மனிதர் எழுதித் தந்த விதிகளின்படி மட்டும் இயங்குவது ஒரு வகை. 1997 மே மாதம் உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்ற ‘டீப் புளூ’ இத்தகையது. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை அது கணக்கிட்டது. ஆயினும் அதனிடம் பல்லாங்குழியை வைத்திருந்தால் விழித்திருக்கும்!

எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகுவது அடுத்த வகை. இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. தொடக்கத்தில் வலியுமில்லை, மங்கலுமில்லை. தெரிய வரும்போது காலம் கடந்துவிடுகிறது. விழித்திரைப் படத்தைக் கண்டு இந்நோயை அறியும் எந்திரத்தைக் கூகுள் நிறுவனத்தார் உருவாக்கியபோது, அதற்குப் பாடமாக அமைந்தவை ஏறத்தாழ 1,28,000 படங்கள். நம் நாட்டு மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். ‘இதில் நோய் உண்டு, இதில் இல்லை’ என ஒவ்வொன்றுக்கும் கண் மருத்துவர்கள் குறித்துத் தந்தனர். இரத்தக் கசிவு இப்படி இருக்கும் என்று எவரும் அதற்கு விதி எழுதவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே தேறிற்று. இதன் ஆய்வு முடிவு 2016-இல் வெளிவந்தது. 2019-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நோயாளர்களைச் சோதிக்கும் பணியில் எந்திரம் அமர்ந்தது. அதற்குத் தெரிந்தது விழித்திரை ஒன்றே. ஆனால் அந்த ஒன்றில் அதன் தேர்ச்சியை மருத்துவர்களின் தீர்ப்போடு ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். இல்லத்தில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருப்பின், கண் மங்கட்டும் எனக் காத்திராமல் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதிக்கச் செய்யுங்கள். எந்திரம் கொண்டு பார்த்தால் அஞ்ச வேண்டாம்.

2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வந்தபின் பிள்ளைகளின் கைப்பேசிகளில் குடியேறியிருப்பதோ வேறு வகை. எதைக் கேட்டாலும் எழுதித் தரும். கடிதமும் எழுதும், கவிதையும் எழுதும். இதுவும் எடுத்துக்காட்டுகளால் பழகியதே. ஆனால் இது கற்றது மனிதர் எழுதிக் குவித்த பெருந்தொகை எழுத்தை. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்பதைக் கணித்து வாக்கியத்தைக் கோத்துச் செல்கிறது. ஆதலின் உண்மையைச் சொல்லும் அதே தெளிவோடு, அதே பணிவோடு, இல்லாததையும் சொல்லும். தடுமாற்றம் குரலில் தெரியாது என்பதே இதன் ஆபத்து. நடமாடும் மனிதன் பொய் சொன்னால் முகமாவது காட்டிக் கொடுக்கும்!

மனிதரைப் போல் எத்துறையிலும் தானே சிந்திக்கும் பொது அறிவு எந்திரத்தைக் குறித்தும் பேசுகிறார்கள். அது வந்துவிட்டதாக அறிஞர் உலகம் ஒருமனதாக ஏற்கவில்லை. தன்னுணர்வுள்ள எந்திரமோ திரைப்படங்களில்தான் உலவுகிறது. 2025 சனவரியில் உரோமையிலிருந்து வெளியான ‘அந்திகுவா எத் நோவா’ ஏடும், இவற்றுக்கு ‘அறிவு’ என்னும் பெயர் சூட்டுவதே நம்மைத் திசைதிருப்பக்கூடும் என நினைவூட்டுகிறது.

நம்மைக் கவலையுறச் செய்வது வேறொன்று. மதுரையில் கண்ணைப் பார்க்கும் எந்திரத்தைப் பற்றிக் கேள்வியுற்ற ஒரு தாய், மகனின் கைப்பேசியிலுள்ள பேசும் எந்திரமும் அதன் உடன்பிறப்பு எனக் கருதி, “கால் வீங்குகிறது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?” என்று கேட்கக்கூடும். அழகான தமிழில் விடையும் வரும். அவருடைய சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்பதை அந்த எந்திரம் அறியாது. மாத்திரை எழுதித் தந்த மருத்துவர் அறிவார். கேள்வியை அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.